பாவாயி கழற்றிய முன்சக்கரம்

2002 பொங்கல் முடிந்த வாரத்தில் பாவாயி அக்காவின் ஜீப்பில் இடது முன்சக்கரம் உறுமத் தொடங்கியது. எங்கள் மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கும் மிளகும் கீழே சந்தைக்குப் போவது அந்த ஜீப்பில்தான். கணவர் ராசு இறந்தபின் அக்காவே அதை ஓட்டினாள்.

ராசுவின் அண்ணன் குப்புசாமிக்கு அது பிடிக்கவில்லை. எங்கள் ஊரில் பெண்கள் ஏரைத் தொடமாட்டார்கள். மாட்டுப் பொங்கலுக்குக் காளைகளோடு ஜீப்புக்கும் பொட்டு வைக்கிறோம். ஆகவே ஜீப்பும் ஏரும் ஒன்றுதான் என்பது அவர் கணக்கு. பொம்பளை கை பட்டுத்தான் சக்கரம் கெட்டது என்று ஊரெல்லாம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஆள் கூட்டிவந்து ஜீப்பை விலை பேசப்போவதாகவும் சொல்லியனுப்பினார்.

அக்கா, சக்கரத்துக்குப் புதுப் பேரிங் வாங்கிவர, பக்கத்து வீட்டிலிருந்த என்னை அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்கு பஸ் ஏற்றிவிட்டாள். எத்தனையோ ஊர் சுற்றிவிட்டு வந்திருந்தும் நான் பேரிங்கைக் கண்ணால் பார்த்ததில்லை. கடைக்காரர் அப்பாஸ் அலி, நட்டை ஒரேயடியாக இறுக்க வேண்டாமென்று சொல்லிக் கொடுத்தார். திரும்பி வந்து அதைச் சொன்னதும் அக்கா சிரித்தாள்.

"இத்தன வருசமா எம் வூட்டுக்காரருக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுத்தது ஆருன்னு நெனச்சாரு அந்தக் கடைக்காரரு?"

ஞாயிறு காலை குப்புசாமி ஆளோடு வந்தபோது ஜீப் வாசலில் ஜாக்கி மேல் நின்றது. சக்கரம் தனியே கிடந்தது. அக்காவின் கை முழங்கைவரை கறுப்பு.

"என்ன அம்மிணி வெளையாட்டு இது? எந்திரி."

அவள் எழவில்லை. பழைய பேரிங்கை உருவித் துடைத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். துருவேறி, உருளைகளுக்கு நடுவே மணல் அப்பியிருந்தது.

"ஆத்து மணலுங்க மாமா. வருசா வருசம் மாட்டோட சேத்து ஜீப்பையும் ஆத்துல எறக்கி, சக்கரம் முங்க நிறுத்திக் குளிப்பாட்டுனது நானுங்களா?"

வாங்க வந்தவர் வேறு பக்கம் திரும்பி இருமினார். அது சாமி காரியம் என்று குப்புசாமி முணுமுணுத்தார்.

"மாட்டுக்குத் தோலு இருக்குதுங்க. இதுக்குக் கிரீஸுதான். அதத் தண்ணி கழுவிருச்சு."

பிறகு யாரையும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. புதுப் பேரிங்கின் உருளைகளுக்கு இடையே கிரீஸை அழுத்தித் திணித்தாள். சக்கரத்தை மாட்டி, நட்டை இறுக்கி, சுற்றிவிட்டுப் பார்த்து, கொஞ்சம் தளர்த்தினாள். ஜாக்கியை இறக்கி, வளைவுவரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தாள். சத்தமே இல்லை. வந்தவர் சக்கரத்தின் நடுவில் கைவைத்துச் சூடு பார்த்தார். சூடில்லை என்று கண்டதும், பேசி வந்ததைவிடக் கூடுதலாகவே தருகிறேன் என்றார்.

குப்புசாமி ஜீப்பின் முன்னால் வந்து நின்று கையை நீட்டினார். "சாவியக் குடு. நாங்க பேசிக்கறோம்."

"இது விக்கறதுக்கில்லீங்க," என்றாள் அக்கா, வந்தவரைப் பார்த்து. "கீழ எறங்கோணும்னா ஏறிக்குங்க. நாந்தான் ஓட்டுவேன்."

அவர் குப்புசாமியைப் பார்த்தார். அடுத்த பஸ் மத்தியானம்தான். ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அக்கா ஹாரன் அடிக்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தாள். குப்புசாமி விலகினார்.