கத்தரிக்கோலை மறந்த பிற்பகல்

ஜெர்மனியில், டோர்ட்மண்ட் நகரில் ஒரு நாடக அரங்கில் மேடைச் சாமான்களுக்குப் பொறுப்பாக இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தேன். ஒரேயொரு நாள் வேறு வேலை பார்த்தேன். எல்லாரும் கேட்பது அந்த நாளைப் பற்றித்தான்.

நபீல் சிரியாவிலிருந்து வந்த நாடக ஆசிரியர். அங்கே அவர் எழுதிய பதினொரு நாடகங்களில் நான்குதான் மேடை ஏறின. மிச்சத்தைத் தணிக்கை அதிகாரிகள் தடுத்துவிட்டார்கள். இங்கே ஒரு பேக்கரியில் மாப் பிசைந்துகொண்டே பன்னிரண்டாவதை எழுதினார். அதில் ஒரு தணிக்கை அதிகாரி ஒத்திகைக்கு வந்து வசனங்களை வெட்டித் தள்ளுகிறார். நடிகர்களுக்குப் பேச ஒன்றுமில்லாமல் போக, கடைசியில் அவரே தனியாக நடிக்க வேண்டி வருகிறது. அதிகாரியாக நடித்தவரும் நபீல்தான்.

வசனம் அரபியில். மேடைக்கு மேலே ஒரு பலகையில் ஜெர்மன் வரிகள் ஓடும். ஒவ்வொரு வரிக்கும் ஒருவர் பொத்தானை அமத்த வேண்டும். முதற்காட்சி ஞாயிறு பிற்பகல். அன்று காலை அந்த ஆளுக்குக் காய்ச்சல்.

மேலாளர் ஃபிராவ் கெல்லர், அதாவது திருமதி கெல்லர், என்னைப் பிடித்தார்.

"ஒண்டரை மாத ஒத்திகை முழுக்க இருந்தது நீங்கதானே. நீங்களே அமத்துங்கோ."

"எனக்கு அரபி ஒரு சொல்லும் தெரியாது."

"எந்தச் சாமான் எப்ப வரும் எண்டு தெரியும்தானே? அது காணும்."

உண்மைதான். தேத்தண்ணிக் கோப்பை வந்தால் இருபதாம் வரி. தொலைபேசி வந்தால் நாற்பதாம் வரி. அரை மணி நேரம் பிசகில்லாமல் ஓடியது. பிறகு நபீல் கத்தரிக்கோலை எடுக்க மேசையில் கையை வைத்தார். கத்தரிக்கோல் இல்லை. அதை வைக்க வேண்டியவள் நான். நானோ மேலே, பொத்தான் இருக்கும் கூண்டுக்குள்.

நபீல் அசரவில்லை. மனதில் வந்ததையெல்லாம் அரபியில் பேசத் தொடங்கினார். அரபி தெரிந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மற்றவர்கள் அசையாத பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் விளக்குப் போடும் சிவம் அண்ணை இருந்தார்.

"அண்ணை, இது தாளிலயே இல்லை!"

"ஏதாவது அடி பிள்ளை, சனம் பாக்குது!"

விசைப்பலகையை இழுத்து, பலகையில் ஓடும்படி ஜெர்மனில் அடித்தேன்: "மன்னிக்கவும். இவர் பேசுவது என்னிடம் இல்லை. கத்தரிக்கோலை வைக்க மறந்தது நான்."

அரங்கே சிரிப்பில் அதிர்ந்தது. நபீல் திரும்பிப் பலகையை வாசித்தார். பிறகு தன் உடைந்த ஜெர்மனில் என்னைப் பார்த்துக் கத்தினார்: "அப்ப நான் பல்லால வெட்டட்டா?"

"வேண்டாம். கொண்டுவாறேன்" என்று அடித்துவிட்டு, படியால் ஓடி, வேலை உடுப்போடு மேடைக்குப் போய் அவர் கையில் கொடுத்தேன். கைதட்டல் அடங்க நேரம் எடுத்தது.

முடிந்ததும் ஃபிராவ் கெல்லர் முகம் சிவந்து நின்றார். "நாளைக்கு என்ர அறைக்கு வாங்கோ. இப்பிடி இனி நடக்கக் கூடாது."

நபீல் குறுக்கே வந்தார். "ஃபிராவ் கெல்லர், என்ர வசனங்களை வாழ்நாள் முழுக்க ஆரோ வெட்டிக்கொண்டுதான் இருந்தினம். இதை மட்டும் வெட்டாதேங்கோ."

அதன்பின் ஒவ்வொரு காட்சியிலும் கத்தரிக்கோலை மறப்பது என் வேலையானது.

நபீல் போன வருடம் காலமானார். தடுக்கப்பட்ட ஏழு நாடகங்களும் இப்போது அச்சில் வந்துவிட்டன. பன்னிரண்டாவதில் பாத்திரங்களின் பட்டியலில் "பலகை" என்றும் ஒரு பெயர் இருக்கிறது. போன மாதம் பக்கத்து நகரமான ஹம்மில் ஒரு குழு அதைப் போட்டது. கத்தரிக்கோல் கொண்டுவந்த பெண் சிரித்தபடி வந்தாள். அன்று நான் சிரிக்கவில்லை, ஓடினேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிழை விட்டால் ஒளிக்காதீர்கள். அந்த இடத்திலேயே, பின்வரிசைக்கும் தெரியும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.