இருபத்தோராவது கட்டு

தோல் பதனிட ஆவாரம்பட்டை வாங்கி விற்றுக்கொண்டிருந்தேன். ஏலகிரி அடிவாரத்துக் காட்டிலாகா கேட்டைத் தாண்டாமல் ஆம்பூருக்கு வண்டி போகாது. பர்மிட்டில் இருபது கட்டு என்றால் இருபத்தொன்று ஏற்றுவோம். அந்த ஒன்று கேட்டுக் காவலருக்கு. அவரும் கேட்க மாட்டார், நாங்களும் சொல்ல மாட்டோம். 'கேட்டுக் கட்டு' என்று அதற்குப் பேரே இருந்தது. எங்கப்பா காலத்தில், காவலர் வீட்டுக்காரம்மாள் தேய்த்துக் குளிக்க ஒரு பிடி ஆவாரம்பூவாக ஆரம்பித்ததாம். என் காலத்தில் முழுக் கட்டு. இரண்டு கேட்டபோதுதான் நான் மேலே மனு எழுதிப் போட்டேன்.

மனு வேலை செய்தது. பழையவரைத் தூக்கிவிட்டுப் புதியவரைப் போட்டார்கள். ஒல்லி ஆள், சிரிப்பே கிடையாது.

அவரிடம் முதல் நடை. ஆம்பூர்த் தோல் கிடங்கில் தோல்களைச் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்துக் கழுவியாயிற்று. அன்றே பட்டை சேராவிட்டால் அழுகிவிடும். கிடங்கு முதலாளி அப்புறம் என் முகத்தில் விழிக்க மாட்டார்.

வண்டிக்காரன் வழக்கம்போல ஒரு கட்டை இறக்கிக் கேட்டோரம் சாய்த்தான்.

"இன்னாப்பா இது?" என்றார் காவலர்.

"உங்க கட்டு சார்."

"நான் எப்பய்யா பட்டை உரிச்சேன்? ஏத்து மேல."

ஏற்றினான். அவர் பர்மிட்டை வாங்கி, ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். "இருபத்தொண்ணு இருக்குது. ஒண்ணு திருட்டுப் பட்டை. வண்டியப் புடிச்சி வெக்கணும்."

வண்டிக்காரன் என் காதருகே வந்தான். "அண்ணே, இவரும் ரெண்டு கேக்கறாரு. வாய்விட்டுச் சொல்ல மாட்டாரு."

எனக்கும் அப்படித்தான் பட்டது. "ரெண்டா எடுத்துக்கங்க சார்," என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மனு போட்ட ஆளு நீதானே?"

அந்த அதிகக் கட்டை என் தலையிலேயே ஏற்றி, அரை மைல் தள்ளியிருந்த காட்டிலாகாக் கொட்டகையில் ஒப்படைக்கச் சொன்னார். ஒப்படைத்த சீட்டைக் காட்டியதும் வண்டியை விட்டார்.

பொழுது சாய்வதற்குள் ஆம்பூர் சேர்ந்தோம். தோல் பிழைத்தது.

"புதுசா வந்தவன் எவ்ளோ வாங்கினான்?" என்றார் முதலாளி.

"ஒண்ணும் வாங்கல பாய்."

"அப்ப ஜாஸ்தி கேக்கப் போறான். பாத்து இரு."

அடுத்த நடையிலிருந்து இருபதுதான் ஏற்றினேன். ஆனாலும் இன்னொரு கட்டைக் கட்டி வீட்டு வாசலில் வைத்தேன், கேட்டிலிருந்து ஆள் வந்தால் கொடுக்க. மூன்று வருஷம் ஒருவரும் வரவில்லை. அவ்வப்போது தூசி தட்டி வைத்தேன்.

அவர் மாற்றலாகிப் போன மறுநாள், வண்டிக்காரன் கேட்காமலே அதைத் தூக்கி வண்டியில் போட்டான். நானும் ஒன்றும் சொல்லவில்லை.