பாலத்தில் நின்றவன்

படப்பையில் நான் குடிபோன அறையில் எனக்கு முன்னால் இருந்தவன் இறந்துபோயிருந்தான். ஒரகடம் ரோட்டில் லாரி மோதிவிட்டது. அவனுடைய பாய், சட்டை மாட்டும் ஆணி, வாடகையில் அவன் பங்கு எல்லாம் எனக்கு வந்து சேர்ந்தன. அவன் வீட்டார் துணிமணியை மட்டும் எடுத்துக்கொண்டு, பழைய கம்ப்யூட்டரை அறை நண்பரிடமே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்த நண்பர் திருநெல்வேலிக்காரர். என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணன் என்று கூப்பிட்டேன். அவருக்குக் காலை ஷிஃப்ட், எனக்கு மதிய ஷிஃப்ட். "பொழுது போவலன்னா கம்ப்யூட்டர்ல எதையாச்சும் போட்டு வெளாடு லே" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருக்கலாம். எனக்கு இன்றும் அந்தக் கோபம் இருக்கிறது.

அதில் இருந்தது, பல பாகங்களாக வந்துகொண்டிருந்த ஒரு சாகச விளையாட்டின் புதிய பாகம். பனிமலை, புதையல், வில்லும் அம்புமாக ஒருவன். முந்தைய பாகம் எதையும் நான் பார்த்ததில்லை. திறந்ததும் இரண்டு வழி காட்டியது: புதிதாக ஆரம்பிக்கலாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

எங்கள் கம்பெனி அசெம்பிளி லைனில் ஒரு வழக்கம் உண்டு. முந்தின ஷிஃப்ட்காரன் பாதி முறுக்கிவிட்டுப் போன போல்ட்டை முழுசாக முறுக்கிவிட்டுத்தான் நம் வேலையைத் தொடங்க வேண்டும். "அவன் வுட்டத மொதல்ல முடி, அப்பறம் உன்னுத பாரு" என்று சூப்பர்வைசர் முதல் நாளே சொல்லிவிட்டார். கை அதற்குப் பழகிவிட்டது. எனக்கு முன்னால் இருந்தவன் விட்ட இடத்திலிருந்து தொடர்வதை அழுத்தினேன்.

கயிற்றுப் பாலத்தில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். வாயிலிருந்து மூச்சு புகையாக வந்தது. முதுகில் இரண்டே அம்பு. நான் அவனை அக்கரைக்கு நடத்தினேன். செத்தவனுக்கு ஏதோ நல்லது செய்வதாகவே நினைத்தேன்.

மலையும் பனியும் எனக்குப் பிடித்துப்போயின. ஆனால் குகையில் ஒரு கிழவர் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். முந்தைய பாகத்தில் யாரோ போய்விட்டார்கள் போல. யார், என்ன உறவு, ஒன்றும் தெரியவில்லை. துக்க வீட்டுக்குத் தப்பாக வந்துவிட்டவன் மாதிரி விழித்தேன். அந்த அறையிலும் என் நிலைமை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பைபிளைக் கையில் எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். விளையாட்டைத் திறந்தார். குகை வந்தது.

"பாலத்துல நின்னாம்லா?"

"நான்தாண்ணே தாண்ட வச்சேன். பாதியில கெடந்துச்சு."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "வாராவாரம் பாத்துட்டுதான் கோயிலுக்குப் போவேன். அங்கயே நின்னா அவனுக்கு ஒண்ணும் ஆவாது பாத்துக்கோ" என்றார். பிறகு சர்ச்சுக்குப் போய்விட்டார். பழையதைத் திரும்பக் கொண்டுவர என்னென்னவோ செய்து பார்த்தேன். அந்த விளையாட்டில் ஒரே ஒரு இடம்தான் பதிவாகும். புதியது பழையதை அழித்துவிடும்.

மறுநாள் காலை முதலிலிருந்து ஆரம்பித்தேன். மூன்று வாரம், ஷிஃப்டுக்குக் கிளம்பும்வரை அதே வேலை. இப்போது கதை புரிந்தது, ஆரம்பத்திலேயே வரும் அந்தக் கிழவர் மேல் பாசம்கூட வந்தது. ஆனால் ஒவ்வொரு பாறையிலும் அவன் எங்கே கால் வைத்திருப்பான் என்றே யோசித்தேன். அவன் பாயில் உட்கார்ந்து அவன் போன வழியிலேயே போகிறோம் என்று தோன்றும்போது பட்டப்பகலிலும் பயமாக இருந்தது. திரும்பிப் பார்ப்பேன். ஆணியில் என் சட்டைதான் தொங்கும்.

ஒருவழியாகப் பாலம் வந்தது. மிச்ச அம்புகளைப் பனியில் எய்து வீணடித்து, சரியாக இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு நிறுத்தினேன். அடுத்த ஞாயிறு அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

குனிந்து வெகுநேரம் பார்த்தார். பாலத்தில் நின்றவன் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான்.

"ரெண்டு அம்பு" என்றார். முகம் கொஞ்சம் இளகியது. பிறகு என் தோளில் கை வைத்தார். "அவன் ஓரமா, கயித்தோட ஒட்டி நிப்பான். இவன் நட்ட நடுவுல நிக்கான். இது நீ லே."

அவர் கோயிலுக்குப் போனபின் நான் கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. அன்று முழுக்க அவனை ஓர் அடிகூட நகர விடவில்லை. மறுநாள் மதியம் அதே ஒரகடம் ரோட்டைத் தாண்டித்தான் நான் கம்பெனி பஸ் ஏற வேண்டும்.