கழுவிய பிறகும் தூங்காத என்சைம்

போன வாரம் கள்ளக்குறிச்சியில் ஒரு மெடிக்கல் ஷாப். தலைவலி மாத்திரைக்காக நின்றிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண் கடைக்காரரிடம் மெல்லக் கேட்டார்: "அண்ணே, கொழுப்பு கரையறதுக்கு மாத்திர எதுனா இருக்குதா?"

"நடம்மா... தானா கரையும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொன்னுசாமியின் ஞாபகம் வந்துவிட்டது.

பொன்னுசாமி, சென்னையில் என்னோடு ஆராய்ச்சி செய்தவன். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர். அந்த ஊரிலிருந்து காலேஜுக்குப் போன முதல் ஆள். எங்கள் வேலை என்ன தெரியுமா? எலியின் கொழுப்பு செல்லை உடைத்து, அதன் சவ்வை மட்டும் பிரித்தெடுப்பது. அந்தச் சவ்வில் ஒரு என்சைம் இருக்கிறது. அது விழித்தால்தான் கொழுப்பு கரையத் தொடங்கும்.

அதை எழுப்ப நம் உடம்பிலேயே நியூக்ளியோடைடு என்ற ஒரு சின்ன மூலக்கூறு உண்டு. எழுப்பும், கொஞ்ச நேரத்தில் தானே உடைந்துவிடும். என்சைம் மறுபடி தூங்கிவிடும். அப்படியானால், அதே அச்சில், ஆனால் உடையாத ஒரு போலியைக் கொடுத்தால்? என்சைம் விழித்தே இருக்குமா? சவ்வைக் கழுவிய பிறகும்?

இதுதான் பொன்னுசாமியின் கேள்வி. அந்தப் போலி இங்கே கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து ஒரு சின்னக் குப்பியில் வந்து சேர்வதற்குள் அவன் பாதி கிழவனாகியிருந்தான்.

குப்பி வந்தது. சவ்வும் தயார். ஐஸில் வைத்துவிட்டு நிமிர்கிறோம் – பொன்னுசாமிக்குத் தந்தி. அம்மாவுக்கு சீரியஸ்.

அது இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த சமயம். விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்து ரோடெல்லாம் மறியல். புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் கிடையாது.

"மீனா, சவ்வு நாளைக்குத் தாங்காது. நீயே பண்ணிடு" என்றான். ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

பண்ணினேன். போலியை விட்டதும் முதல் சில நிமிடம் ஒன்றுமே இல்லை. அப்புறம் என்சைமின் வேகம் மெதுவாக ஏறத் தொடங்கியது... ஏறிக்கொண்டே போனது. சவ்வைக் கழுவினேன். மறுபடி கழுவினேன். என்சைம் அடங்கவில்லை! கத்த வேண்டும் போலிருந்தது. யாரிடம் கத்துவது? அவன் எந்த ரோட்டில் நிற்கிறானோ?

அவன் போன கதையைப் பிறகு அவனே சொன்னான். விழுப்புரம் வரை ரயில். அங்கே தெரிந்தவர் ஒருவரிடம் சைக்கிள் வாங்கி மிதித்திருக்கிறான். உளுந்தூர்பேட்டை தாண்டி ஒரு மரத்தடுப்பில் மடக்கிவிட்டார்கள்.

"எங்கடா போற?"

"அம்மா சாவக் கெடக்குதுங்க. மலைக்குப் போவணும்."

"இன்னா பண்ற?"

"மெட்ராஸ்ல ஆராய்ச்சிங்க."

"சீட்டு எப்டி கெடச்சிது?"

பொய் சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. "கோட்டாவுலதாங்க."

வயதான ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அத்தத்தான்டா நாங்களும் கேட்டுக்கினு கெடக்கறோம்" என்றாராம். நான்கு பேர் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். அடுத்த தடுப்புவரை ஒருவர் கூடவே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

அப்படியும் நேரமாகிவிட்டது. கச்சிராயபாளையத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு மலை ஏறியிருக்கிறான். வீட்டை அடைந்தபோது அம்மாவை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள்.

ரோடு திறந்ததும் நான் போனேன். வாசலில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் அத்தை. என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"ஏறுச்சா?"

"ஏறுச்சு."

"கழுவுன பொறவும்?"

"கழுவுன பிறகும்."

தலையை ஆட்டினான். அவ்வளவுதான்.

அத்தைதான் கேட்டார்: "இன்னாது ஏறுச்சு? உங்கம்மா கடைசி வரிக்கும் கேட்டுக்கினே இருந்துச்சி... எலிக் கொழுப்புல இவன் இன்னாத்தப் பாக்கறான்னு. நீ ஒரு நாளும் சொல்லல."

பொன்னுசாமி உள்ளே எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தான். பிறகு சொல்ல ஆரம்பித்தான் – அத்தையிடமா, விளக்கிடமா என்று எனக்குத் தெரியவில்லை.

"கொழுப்புக்கு மேல ஒரு தோலு இருக்குது அத்த. அதுல ஒருத்தன் தூங்கிக்கினு இருக்கான். அவன எழுப்பறதுக்கு ஒண்ணு வரும். எழுப்பிட்டு அது ஒடஞ்சிபூடும். இவனும் தூங்கிடுவான். நாங்க ஒடையாத ஒண்ண வெச்சிப் பாத்தோம். இவன் தூங்கவே இல்ல."

"தூங்காம இருக்கறது நல்லதாடா?"

"நல்லதில்ல அத்த. தூங்கித்தான் ஆவணும். ஆனா, தூங்க வுடாம பாத்தாதான அவன் எப்டித் தூங்கறான்னு தெரியும்?"

அத்தை யோசித்தார். "இவ்ளோதானா? இது அவளுக்குப் புரிஞ்சிருக்குமேடா" என்றார்.

அதற்குமேல் அவனால் முடியவில்லை. அவர் அவன் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் எத்தனையோ கருத்தரங்குகளுக்குப் போய்விட்டேன். கேள்வி கேட்டவரும் பதில் சொன்னவரும் சேர்ந்து அழுதது அந்த வாசலில் நடந்த ஒன்றில்தான்.