திரைச்சீலையும் ஸ்பிறிங்கும்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்த விபோர்க் நகரத்தில் உள்ள துப்பாக்கி சுடும் சங்கத்திலிருந்து ஞாயிறுதோறும் வீடு வந்ததும், என் சின்னக் கைத்துப்பாக்கியைத் துடைப்பதற்காகச் சமையலறை மேசையில் வைத்துக் கழற்றுவேன். உடனே மனைவி திரைச்சீலையை இழுத்து மூடிவிடுவாள். வீட்டில் துவக்கு இருப்பது வெளியில் தெரியக்கூடாது என்பது யாழ்ப்பாணத்தில் அவளுக்குப் பழகிய பயம்.

கழற்றுவது சுலபம். திரும்பப் பூட்டும்போதுதான் அந்தப் பாழாய்ப்போன ஸ்பிறிங் தன் இடத்தில் உட்காராது. துள்ளி அடுப்புக்கடியில் ஓடிவிடும்.

"இந்த இருட்டுக்குள்ளை எப்பிடியப்பா பூட்டுறது? இது லைசன்ஸ் உள்ள சாமான். திரையைத் திறந்து விடும்," என்று கத்துவேன்.

"ஓம், தெரியும்," என்பாள். திறக்கமாட்டாள்.

அவள் இறந்தபின் வரும் இரண்டாவது கோடை இது. திரைச்சீலை திறந்தே கிடக்கிறது. மேசை முழுவதும் நல்ல வெளிச்சம். ஸ்பிறிங் இன்றும் உட்காரவில்லை.