இருபத்தைந்து ஹர்லியும் ஒரு புற்கட்டியும்

1. ஒன்பது மணி போன்

வெள்ளிக்கிழமை காலையில் ஒபிசுக்கு வருகிற போன் ஒருநாளும் நல்ல செய்தி கொண்டுவராது. சிட்னி விமான நிலையத்துக்குப் பக்கத்தில், வந்திறங்கும் சரக்குகளைக் கஸ்டம்ஸிலிருந்து எடுத்துக் கொடுக்கிற சின்னக் கம்பனி ஒன்றில் நான் இருபத்திரண்டு வருசம் கிளார்க்காக இருந்தவள். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகள் நான் சொல்வதை நம்பலாம். இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது.

போனில் ஷேமஸ். கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற அயர்லாந்துக்காரன். அவனுடைய ஊர் அங்கே ஆகச் சின்னக் கவுண்டிகளில், நம் மாவட்டம் மாதிரி, ஒன்று. அந்தக் கவுண்டியிலிருந்து சிட்னிக்கு வந்தவர்கள் சேர்ந்து ஒரு ஹர்லிங் கிளப் வைத்திருந்தார்கள். ஹர்லிங் என்றால் பக்கத்துக்குப் பதினைந்து பேர், ஆளுக்கொரு மரத்தடி, பந்து மண்டை உயரத்தில் பறக்கும். நம்முடைய ஹொக்கியை யாரோ கோபப்படுத்திவிட்டது போல ஒரு விளையாட்டு. அந்தத் தடிக்குப் பெயர் ஹர்லி. கிளப்பில் ஆட்கள் சரியாகப் பதினாறு பேர். அதிலும் ஒருவனுக்கு முழங்கால் சரியில்லை.

அந்தப் பதினாறு பேரும் முதல் தடவையாக ஃபைனலுக்கு வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்ச். ஆனால் செமிஃபைனலில் பாதித் தடிகள் முறிந்துபோயின. சிட்னிக் கடைகளில் ஹர்லி கிடையாது. அதனால் ஊரிலிருந்து இருபத்தைந்து ஹர்லி விமானத்தில் வந்து இறங்கியிருந்தது. மரச்சாமான் என்பதால் பூச்சி, நோய் ஏதும் நாட்டுக்குள் வராமல் தடுக்கிற குவாரன்டைன்காரர் பார்த்து விட வேண்டும். பேப்பர் எல்லாம் நான் முதல் நாளே கொடுத்துவிட்டேன்.

"எதிர்க் கிளப்பிட்ட இரவல் வாங்கேலாதோ?" என்று நான் முன்னமே கேட்டிருந்தேன். அவன் இங்கிலீஷில் சொன்னதை நம் தமிழில் எழுதுகிறேன்: "ரஞ்சி, அவங்களிட்ட இரவல் கேக்கிறதிலும் பார்க்க விளக்குமாத்தோட இறங்கலாம்."

அன்றைக்கு அவன் குரல் வேறு மாதிரி இருந்தது.

"ரஞ்சி, பெட்டிக்குள்ள இன்னொரு சாமானும் இருக்காம். அம்மா இப்பத்தான் சொன்னவ."

"என்ன சாமான்?"

"சின்னதுதான். சப்பாத்துப் பெட்டி அளவு."

"என்னெண்டு சொல்லுமன்!"

"எங்கட ஊர்க் கிரவுண்டில, கோல் போஸ்ட்டுக்கு முன்னால வெட்டின புல்லுக்கட்டி. மண்ணோட. இஞ்ச நான் கீப்பரா நிக்கிற கோலுக்கு முன்னால புதைச்சா பந்து உள்ளுக்குப் போகாதாம்."

நான் கையெழுத்துப் போட்ட டிக்ளரேஷனின் கொப்பி மேசையில் கிடந்தது. மண் உண்டா? இல்லை. செடி உண்டா? இல்லை. விதை உண்டா? இல்லை. மூன்று இல்லையும் பொய்.

"அட பாவி!" என்றேன். தமிழில்தான் சொன்னேன். அவனுக்கு நன்றாக விளங்கியது.

2. பாஸ்போர்ட் இல்லாத பயணி

என் முதலாளி நிக் ஒரு கிரேக்கர். விசயத்தைக் கேட்டுவிட்டுக் கதிரையைச் சுழற்றிக்கொண்டு சொன்னார்: "வாயைத் திறக்காதேயும் ரஞ்சி. வெள்ளிக்கிழமை. மேலால ரெண்டு தடியைப் பாத்திட்டு விட்டிடுவாங்கள்."

அப்படி நடக்கவும் கூடும். நானே போய்ச் சொன்னால் புதுப் பேப்பர், புது வரிசை, ஹர்லி வந்து சேரத் திங்கட்கிழமை. அதற்குள் ஃபைனல் முடிந்துவிடும். சொல்லாமல் விட்டால், அந்த மண்ணில் எந்த நோய் ஒளிந்திருந்து எந்தப் பண்ணையை அழிக்குமோ. மத்தியானம்வரை கோப்பை கோப்பையாகத் தேத்தண்ணி குடித்தேன். அந்தப் பதினாறு பேரும் விளையாட வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. கடைசியில் காரை எடுத்துக்கொண்டு குவாரன்டைன் ஷெட்டுக்குப் போனேன்.

அங்கே அதிகாரி கோபால், மலேசியத் தமிழர். நம்முடைய ஆள், இளகுவார் என்று ஒரு நப்பாசை.

"அக்கா, தமிழ் ஆளுன்னு விட முடியுமா? நீங்க கொண்டாந்தா நான் ரெண்டு தடவை பாப்பேன்லா" என்றார்.

பெட்டியைத் திறந்தார். அடியில், பூப்போட்ட துவாய் ஒன்றில் குழந்தையைச் சுற்றுவது போலச் சுற்றி வைத்திருந்தது அந்தப் புற்கட்டி. பச்சை மாறவில்லை. அதற்குள்ளிருந்து ஒரு மண்புழு எட்டிப் பார்த்தது. அரை உலகம் பறந்து வந்த களைப்பு அதற்குக் கொஞ்சமும் இல்லை.

கோபால் குனிந்து பார்த்தார். "இவருக்கு விசா இருக்கா அக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது.

கோபால் தீர்ப்புச் சொன்னார். புற்கட்டி எரிக்கிற உலைக்குப் போகும். தடிகளிலும் மண் உதிர்ந்து ஒட்டியிருக்கிறது. "நீங்களா வந்து சொன்னதால இங்கயே கழுவ விடறேன். நாலரைக்கு ஷெட் மூடிருவேன். ஒரு தடியில ஒரு பொட்டு மண்ணு இருந்தாலும் அத்தனையும் திங்கக்கிழமைதான்."

அப்போது மணி இரண்டு. ஷேமஸுக்குப் போன் அடித்தேன். அரை மணித்தியாலத்தில் பதினொரு பேர் தலையில் வேலைத்தள ஹெல்மெட்டோடு வந்து குதித்தார்கள். கையில் பல் துலக்கும் பிரஷ், பெயின்ட் பிரஷ், ஒருவன் கையில் வீட்டுக் கழிவறைப் பிரஷ்! நானும் ஒபிஸ் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியோடு குந்திவிட்டேன். அவர்கள் பாடப் பாட நான் தேய்த்தேன். கோபால் பூதக்கண்ணாடியோடு நடந்து வந்து, "இது வேணாம், மறுபடி. இதுவும் மறுபடி" என்று திருப்பித் திருப்பித் தந்தார். ஒரே தடியை ஏழு தடவை கழுவினவன் அதற்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தான்.

நாலு இருபத்தைந்துக்கு இருபத்தைந்தாவது தடியும் பாஸ். முத்திரை விழுந்ததுதான் தாமதம், பதினொரு பேரும் கோபாலைத் தூக்கித் தோளில் வைத்துவிட்டார்கள்.

"அக்கா, எறக்கச் சொல்லுங்க! நான் கவர்மென்ட் ஆளு!" என்று அவர் மேலேயிருந்து கத்தினார்.

3. கிளப் போன்

ஞாயிற்றுக்கிழமை மட்சுக்கு நானும் போனேன். விதி ஒன்றும் விளங்கவில்லை. தொண்டை அடைக்கும்வரை கத்தினேன். கடைசி நிமிடத்தில் வந்த பந்தை ஷேமஸ் நெஞ்சால் மறித்து அதன்மேலேயே விழுந்தான். ஒரே ஒரு பொயின்ற்றால் வென்றார்கள். யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று கணக்கில்லை, என்னையும் நாலு பேர் சுழற்றினார்கள்.

கிளப் அறைக்குப் போன் வந்தது. அவனுடைய தாய். ஷேமஸ் துள்ளித் துள்ளிப் பேசினான். திடீரென்று குரல் அடங்கி, ரிசீவரைப் பொத்திக்கொண்டான்.

"கட்டியைப் புதைச்சனியோ எண்டு கேக்கிறா. எரிச்சதை எப்பிடிச் சொல்லுறது? நீர் சொல்லும் ரஞ்சி. பேப்பர் வேலை செய்யிற ஆள் சொன்னா நம்புவா."

உண்மையைச் சொல்லத்தான் ரிசீவரை வாங்கினேன். அந்தப் பக்கம் மூச்சிரைக்க ஒரு குரல்: "பிள்ளை, மண் பத்திரமா வந்ததோ? கஸ்டம்ஸ்காரர் ஒண்டும் செய்யேல்லையோ?"

"ஒரு கரைச்சலும் இல்லை அன்ரி" என்றது என் வாய். "கோலுக்கு முன்னால பச்சைப் பசேலெண்டு கிடக்கு."

அவர் அழுதார், சிரித்தார், மாதாவுக்கு நன்றி சொன்னார். பிறகு சொன்னார்: "அப்ப சரி பிள்ளை. வாற வருசத்துக்கு ரெண்டு கோலுக்கும் போடப் போதுமானதா, பெரிசா வெட்டி அனுப்பிறன்."

பிள்ளைகளே, பொய் டிக்ளரேஷனுக்குத் தண்டனை கையோடு கிடைக்கும். திங்கட்கிழமை காலை முதல் வேலையாக, அடுத்த வருசப் பெட்டியைப் பற்றி இப்போதே சொல்லிவைக்க நான் கோபாலுக்குப் போன் எடுத்தேன்.