குதிரைக்குட்டியின் நெஞ்சில் கேட்ட இரைச்சல்

சில ஆண்டுகளுக்கு முன் செண்பகனூரில் நடந்தது இது. கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்ற நான், அங்கே குடியேறிய புதிது. பக்கத்து வீட்டுக்காரர் கொடைக்கானல் ஏரிக்கரையில் குதிரைச் சவாரி விடுபவர். அவருடைய குதிரை பெண்குட்டி போட்டிருந்தது.

ஒருநாள் அவர் மனைவி வேலியோரம் வந்தார். "ஐயா, குட்டி நெஞ்சுல கை வச்சா தண்ணிக் குழாய் மாதிரி அதிருதுங்க. வெரசா வந்து பாருங்க."

ரத்த அழுத்தம் பார்க்க நான் வைத்திருந்த ஸ்டெதஸ்கோப்பை எடுத்துப் போய்க் கேட்டேன். ஒரே இரைச்சல். "பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. இவ்வளவு சத்தம் என்றால் ஓட்டை பெரியது. ஓடவிட்டால் செத்துவிடும். கட்டியே வையுங்கள்" என்றேன். மருத்துவரிடம் காட்டுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. என் படிப்பு போதும் என்று நினைத்துவிட்டேன்.

அந்த அம்மா அழுதுகொண்டே குட்டியைக் கட்டிப்போட்டார். தாய்க்குதிரை ஏரிக்குக் கிளம்பும்போதெல்லாம் குட்டி கயிற்றை இழுத்துக் கனைக்கும். நான் ஜன்னலைச் சாத்திக்கொள்வேன்.

மாதங்கள் போயின. கயிறு உரசி முன்னங்காலில் புண் வந்தது. மருந்து போட வந்த கால்நடை மருத்துவர் இளம்பெண். ஏன் கட்டியே வைத்திருக்கிறார்கள் என்று அவர் கேட்க, நான் முந்திக்கொண்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், மறுமுறை ஸ்கேன் கருவியோடு வந்தார்.

"ஓட்டை இருக்கு சார். ஆனா சின்னது. சின்ன வழியில ரத்தம் பீய்ச்சி அடிக்கிறதாலதான் இந்தச் சத்தம். இதயம் வீங்கல. தாராளமா ஓடலாம். அப்பப்போ பார்த்துக்குவோம்."

பக்கத்து வீட்டம்மா என் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா ஐயா? சத்தம் போடுறதெல்லாம் பெருசு இல்லையாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், தலையைக் குனிந்துகொண்டு.

"கட்டச் சொன்னவுக நீங்க. நீங்களே அவுத்து விடுங்க" என்றார் அந்த அம்மா.

குனிந்து முடிச்சை அவிழ்த்தேன். குட்டி நம்பவில்லை. கயிறு வழக்கமாக இழுத்துப் பிடிக்கும் இடம் வரை வந்து நின்றது. ஓர் அடி வைத்துப் பார்த்தது. அடுத்த நொடி, அவர்கள் பூண்டு போட்டிருந்த சரிவில் பாய்ந்துவிட்டது!

"ஏலே, பூண்டுப் பாத்தி! பூண்டுப் பாத்தி!" என்று வீட்டுக்காரர் கத்தினார்.

"மிதிக்கட்டும், சும்மா கெடங்க!" என்று மனைவி அதைவிடப் பெரிதாகக் கத்தினார். நான் சின்னப் பையனைப் போலக் கைதட்டினேன்.

இன்று அது ஏரிக்கரையில் குழந்தைகளைச் சுமந்து போகிற குதிரை. நெஞ்சில் காது வைத்தால் அதே இரைச்சல்தான். அது கட்டுண்டு கிடந்த மாதங்களை என்னால் திருப்பித் தர முடியாது. ஆனால் மாலையில் வீடு திரும்புகிற அதன் குளம்புச் சத்தம் கேட்டதும், அன்று சாத்திய அதே ஜன்னலை ஓடிப்போய்த் திறக்கிறேன்.